வளர்ப்பு நாயும் வண்ணப் படமும்

வீட்டு நாயைப் படம் பிடிப்போரிடையே அண்மைக் காலமாக ஓர் அபிப்பிராயம் வேரூன்றி வருகிறது: வண்ணம் சாமானியமானது, கருப்பு வெள்ளையே கம்பீரமானது என்பது அது. கைப்பேசியில் விரலால் ஒரு முறை தொட்டால் நிறமெல்லாம் நீங்கிவிடும் வசதி வந்துவிட்டதாலும், பழைய படங்கள் மீது நமக்கு இயல்பாகவே உள்ள மரியாதையாலும் இவ்வழக்கம் பரவியிருக்கலாம். ஒளியையும் நிழலையும் மட்டுமே கொண்டு உருவத்தை எழுப்பும் அக்கலையின் மேன்மையை நான் குறைத்து மதிப்பவனல்லன்; ஆயினும், பெயர் சொல்லி அழைத்தால் ஓடிவந்து காலைச் சுற்றும் அந்த ஒரு ஜீவனை நினைவில் நிறுத்துவதற்காக எடுக்கும் படத்தில் நிறத்தை விலக்குவது, அதன் லட்சணத்தில் பாதியை விலக்குவதாகும் என்பதே என் துணிபு.

ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்வோம். பால்வெள்ளை மேனி, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் விஷயம் அறிந்தவர்கள் அதன் ஜாதியை மதிப்பிடுவார்கள். கருப்பு வெள்ளையிலோ மூக்கும் கண்ணும் வெறும் சாம்பலாகி, எந்த வெள்ளை நாய்க்கும் பொருந்தும் முகமொன்று எஞ்சுகிறது. கோம்பை நாயின் கதி இன்னும் பரிதாபம். அதன் செம்பழுப்பு உடலும் அது படுத்திருக்கும் பசும்புல்லும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக மாறிவிட, கரிய மூஞ்சி மட்டும் தனித்து நிற்கும். அதற்கு வயதாகி, கன்னத்திலும் புருவத்திலும் செம்மைக்கு நடுவே முதல் நரைகள் தோன்றும்போது, எத்தனையோ ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்ததற்குச் சாட்சியான அந்த வெண்மயிர்களும் நிறமற்ற படத்தில் தம் வேறுபாட்டை இழந்து மங்கிவிடுகின்றன.

இதற்கு மறுப்புரைப்போர் புகைப்படக் கலைஞர் எலியட் எர்விட்டைக் காட்டுவர். 1974-ல் நியூயார்க்கில் அவர் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் உலகப் பிரசித்தம்: தொப்பியும் மேலங்கியும் அணிந்த சின்னஞ்சிறு சிவாவா நாய், அதனருகே பூட்ஸ் அணிந்த ஒரு பெண்ணின் கால்கள், அப்பால் உடல் தெரியாமல் கால்களை மட்டும் காட்டி நிற்கும் கிரேட் டேன். அளவுகளின் முரணே அப்படத்தின் உயிர். நிறம் சேர்ந்திருந்தால் பார்வை சிதறியிருக்கும் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிவாவாவை இன்னதென்று அடையாளம் கண்டு நெகிழ வேண்டிய அவசியம் பார்ப்பவருக்கு இல்லை. நம் நாயின் படத்துக்கோ அதுதான் பிரயோஜனமே.

வில்லியம் வெக்மனின் உதாரணம் எனக்கு அதிகப் பொருத்தமாகப் படுகிறது. மான் ரே என்று பெயரிட்டு அவர் வளர்த்த வைமரனர் நாய் இயற்கையிலேயே சாம்பல் நிறத்தது. 1970-களில் அதைக் கருப்பு வெள்ளையில் படமாக்கி வந்த அவர், 20 அங்குலத்துக்கு 24 அங்குலம் என்ற அளவில் உடனுக்குடன் படம் தரும் பெரிய போலராய்டு காமிராவை 1979-ல் கையாளத் தொடங்கியதும் வண்ணத்துக்கு வந்தார். நிறமே இல்லாதது போன்ற ஒரு மேனிக்கே வண்ணம் வேண்டியிருந்ததென்றால், செவலை நாய்க்கும் கன்னி நாய்க்கும் கேட்கவா வேண்டும்!

நாய்க்கு உலகம் கருப்பு வெள்ளையாகத்தான் தெரியும், ஆகவே அதன் படத்துக்கும் அதுவே பொருத்தம் என்பாரும் உளர்; அது தவறு. நீலமும் மஞ்சளும் அதற்கு நன்கு தெரியும், சிவப்பையும் பச்சையையும்தான் பிரித்தறியாது.

வண்ணத்தில் பலர் மனம் சலிப்பதற்கு உண்மைக் காரணம் வேறு. வெள்ளை நாய் அழுக்கேறியும் கருநாய் வெளிறியும் படத்தில் விழுகின்றன. எதிரே இருப்பது எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பலாக்க முயல்வது காமிராவின் ஒளிமானியின் சுபாவம். ஆகையால் ராஜபாளையத்துக்கு ஒளியைச் சற்றுக் கூட்டியும், கருநிறக் கன்னிக்குச் சற்றுக் குறைத்தும் வைத்து, வெயில் ஏறாத காலையில், திண்ணை நிழலில், நாயின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து அமர்ந்து எடுத்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கிவிடும்.

ஒருபுறம் குழல்விளக்கும் மறுபுறம் மஞ்சள் பல்பும் எரியும் கூடத்தில் மட்டும், நாயின் மேனி பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாகப் பதிவாகும். அந்த நிறம் விளக்கினுடையது. அதை நீக்கிக் கருப்பு வெள்ளையாக்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அப்போதும் மூலப் படத்தை வண்ணத்திலேயே வைத்துக்கொண்டு, பிரதியில் மட்டும் நிறத்தை நீக்குங்கள். கருப்பு வெள்ளையாகவே சேமித்துவிட்ட படத்திலிருந்து நாயின் நிறத்தை மீட்க வழியில்லை.