சந்தையில் இடம் கேட்ட அன்னையர்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் 46 கிலோமீட்டர் ஏறினால் உதகமண்டலம். வழியெங்கும் சுரங்கங்கள், அருவிகள், குன்னூர்த் தேயிலைச் சரிவுகள். தாவரவியல் பூங்காவையும் தொட்டபெட்டா சிகரத்தையும் கண்டு களித்து அப்படியே திரும்பிவிடுவோர் பலர். சந்தைக்கடை மாரியம்மனைத் தரிசித்தால்தான் இப்பயணம் யாத்திரையாக நிறைவு பெறும்.

முற்காலத்தில் இங்குச் செவ்வாய்தோறும் சந்தை கூடியது. ஒருமுறை வடதிசையிலிருந்து வந்த இரு பெண்கள், தங்குவதற்கு இடம் வேண்டுமென வணிகர்களைக் கேட்டனர். அவர்கள் ஒரு மரத்தடியைக் காட்டினர். அங்கே மின்னலென ஒளி தோன்ற, இருவரும் மறைந்தனர் என்பது தலவரலாறு. அவ்விடத்தில் எழுந்த கோயிலில் மாரியம்மனும் காளியம்மனும் ஒரே பீடத்தில் வீற்றிருந்து அருள்பாலிக்கின்றனர். ஏப்ரல் மாதத் தேரோட்டத்தின்போது அன்பர்கள் தேரின்மீது உப்பை வாரி இறைத்து நேர்த்திக்கடன் செலுத்துவர்.

பிறரிடம் தங்க இடம் கேட்பது எத்தகைய கூச்சம் தருவது என்பதை முதுமையில் நாம் நன்கு அறிவோம். அன்னையரும் ஒருநாள் அவ்வாறு கேட்டு நின்றவர்களே. ஆதலால் நம் வாயிலில் யார் வந்து நின்றாலும், இருக்க ஓரிடமும் அருந்தச் சிறிது நீரும் அளிப்போம். அந்த உபசரிப்பும் அவர்களுக்குச் செய்யும் வழிபாடே.