இரண்டாவது நோட்டு

கொல்லிமலையின் குண்டனி நாடு போன்றதொரு மலைநாட்டில், வெளிமாநிலத் தோட்டமொன்றுக்குப் புதிய ஒப்பந்தம் பிடித்து ஆள் சேர்க்கக் கிளம்பும் மேஸ்திரி என்னென்ன ஆயத்தங்கள் செய்கிறார்? தோட்டத்துக்காரரிடம் முன்பணம் வாங்குகிறார். வண்டிக்குச் சொல்லி வைக்கிறார். எந்த வீட்டில் கல்யாணக் கடன், எந்த வீட்டில் மருத்துவச் செலவு, யாருடைய மரவள்ளி விலை போகவில்லை என்றெல்லாம் விசாரித்துக்கொள்கிறார். பணத்தைக் கொடுத்ததும் நோட்டில் பெயரையும் தொகையையும் குறித்துக்கொள்கிறார். போகிறவருக்கோ ஆயத்தம் செய்ய ஓரிரவுதான் வாய்க்கிறது. கையில் தாள் ஏதுமின்றி வண்டி ஏறுகிறார்.

இது இன்று தொடங்கிய வழக்கமன்று. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணிகள் கொல்லிமலையின் அடிவாரத்தை உள்ளடக்கிய அந்நாளைய சேலம், திருச்சி மாவட்டங்களில் ஊர் ஊராகத் திரிந்தவர்கள். தோட்ட முதலாளிகள் தம் ஆள்சேர்ப்பு அலுவலகத்தை 1904இல் திருச்சியிலேயே நிறுவினர். கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. அக்கடனைக் குறித்த 'துண்டு' என்ற சீட்டு, தொழிலாளியை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றப் பயன்பட்டது. 1921இல் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. எழுத்து எப்போதும் கடன் கொடுத்தவர் பக்கமே இருந்தது என்பதுதான் இவ்வரலாறு எனக்குச் சொல்லும் செய்தி.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யையும், பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கிய நாவலையும் நாம் வாசித்திருக்கிறோம். அவற்றை முடிந்துபோன காலத்தின் துயரமாகவே மனத்தில் ஒதுக்கி வைத்துவிடுகிறோம். ஆனால் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்க் கூலிகளுள் சித்தேரி மலையின் மலையாளிப் பழங்குடியினரும் இருந்தனர். கொல்லிமலையில் வாழ்பவர்களும் அதே மக்கள்தாம். ஆள் சேர்ப்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி மலையிறங்குவது எங்கு கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்கு அந்த நாள் சாட்சி.

மேஸ்திரியை வில்லனாக்குவது எளிது, நியாயமாகாது. பெரும்பாலும் அவரும் அதே மண்ணைச் சேர்ந்தவர். பணம் வாங்கிய இருவர் வராமற்போனால் கடன் அவர் தலையில்தான் விழும். உறவு முறையில்தான் ஆள் சேர்க்கிறார். "மாமன் மச்சானுக்குள் எதற்குத் தாள்?" என்று ஒருவர் கேட்டால் மற்றவர் வாயடைத்துப் போகிறார். நம்பிக்கையின் பெயரால் எழுத்து மறுக்கப்படுகிறது. ஆனால் அதே மாமனின் நோட்டில் மச்சானின் கடன் எழுத்தில்தானே இருக்கிறது?

சட்டம் இதை அறியாததன்று. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. வேலையிடம், காலம், கூலி, பிடித்தம் ஆகியவற்றைத் தொழிலாளியின் மொழியிலும் எழுதிய, நிழற்படம் ஒட்டிய கையேட்டை அவர் கையில் தரவேண்டும் என்றது. 2020இன் தொகுப்புச் சட்டமோ ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணிநியமனக் கடிதம் தரச் சொல்கிறது. ஏட்டிலுள்ள இந்த நியதி மலைப்பாதையின் 70 கொண்டையூசி வளைவுகளையும் ஏறி வந்து சேரவேண்டும்.

அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. முன்பணம் கொடுக்கும் நாளிலேயே இரண்டாவது நோட்டு ஒன்று போடவேண்டும். தோட்டத்தின் பெயர், நாட்கூலி, வாங்கிய தொகை, வாரந்தோறும் கழியும் தொகை, ஊர் திரும்பும் நாள் ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும். அது வீட்டில் இருப்பவரிடம் இருக்கட்டும். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று எந்த வீட்டிலும் உண்டு. ஆள் எங்கே போனார், எப்போது வருவார் என்பதையாவது அந்தப் பிள்ளை வாசித்துத் தெரிந்துகொள்ளும். புதிய ஒப்பந்தத்திற்கு ஆயத்தமாகும் மேஸ்திரி முதலில் வாங்கவேண்டியது அந்த நோட்டைத்தான்.