கைக்கணக்கு செல்லாத கலவை

மின்சிகரெட்டுக்கான திரவத்தை வீட்டில் கலந்து இன்னொருவர் கையில் கொடுப்பது பாதகச் செயல். தடைச் சட்டம் இருப்பதால் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. அந்தச் சட்டம் நாளைக்கே நீக்கப்பட்டாலும் நம் கருத்து இதுதான்.

தமிழக அரசு 2018-இல் மின்சிகரெட்டுக்குத் தடை விதித்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டமும், டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமும் வந்தன. தயாரித்தாலோ விற்றாலோ முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிகோடின் சேர்க்கவில்லை என்பதும் சாக்காகாது. கடையில் கிடைக்காததை நாமே கலந்துகொண்டால் என்ன என்ற எண்ணம் இங்கேதான் முளைக்கிறது.

இத்திரவத்தில் சேர்பவை புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், வாசனைச் சாறு, நிகோடின். இந்த நான்கில் முதல் மூன்றும் மருந்திலும் தின்பண்டத்திலும் சேர்பவைதானே என்பது கலப்பவர்களின் வாதம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாது. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல், பாப்கார்னில் தின்றவர்களை ஒன்றும் செய்யவில்லை. அதன் ஆவியைச் சுவாசித்த அமெரிக்காவின் மிசௌரி மாநில ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரல்தான் மீளமுடியாதபடி கெட்டது; 2000-இல் இது வெளியே தெரிந்தது. 2019-இல் அதே நாட்டில் கஞ்சாச் சத்துத் திரவத்தில் வைட்டமின் ஈ அசிடேட்டைக் கலந்து கள்ளத்தனமாக விற்றார்கள். தோலில் பூசினால் தீங்கில்லாத பொருள் அது. மறு ஆண்டு பிப்ரவரிக்குள் 2,800-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 68 பேர் இறந்தனர்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போனார்கள். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில் அந்த மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. புரோப்பிலீன் கிளைகாலோடு கலந்து வரக்கூடிய நஞ்சு அது. இனிக்கும், நிறம் கிடையாது, நஞ்சென்று மூக்குக்கும் நாக்குக்கும் பிடிபடாது. உரிமம் வாங்கிய ஆலையிலேயே இது நடந்திருக்கிறது. கேனில் வாங்கி வந்ததைச் சமையல் மேடையில் வைத்துக் கலப்பவர் எதைக் கொண்டு சோதிப்பார்?

ஆச்சிமார்களின் கைக்கணக்கில் ஒரு சிட்டிகை உப்புக் கூடினால் குழம்பு கரிக்கும், அவ்வளவுதான். நிகோடினில் கை தவறினால் உயிர் போகும். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள அடர்கரைசல் பத்து மில்லிப் புட்டியில் இருந்தால், அதில் ஒரு கிராம் நிகோடின் இருக்கிறது. வளர்ந்த ஆளைக் கொல்ல அது போதும். தோலில் சிந்தினாலும் உடம்புக்குள் இறங்கும். பழ வாசனையோடு அலமாரியில் கிடக்கும் அந்தச் சிறு புட்டி குழந்தையின் கண்ணுக்குச் சர்பத். 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை திரவ நிகோடினை விழுங்கி இறந்தது.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பிழைக்கப் போயிருக்கும் சிங்கப்பூரில், மயக்க மருந்தான எட்டோமிடேட்டை இத்திரவத்தில் கலந்து விற்கிறார்கள். 2025 செப்டம்பர் முதல் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்து, விற்பவருக்குச் சிறையோடு பிரம்படியும் உண்டு என்று அந்த அரசு அறிவித்துவிட்டது. வாங்கி இழுத்த பையனுக்கு உள்ளே இருந்தது என்னவென்றே தெரியாது.

பெட்டிக்கடையில் பீடியும் சிகரெட்டும் தொங்க, இதற்கு மட்டும் ஏன் தடை என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, அதற்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அரசின் இரட்டை வேடம் விடுதியில் ஜூனியர் மாணவனுக்குப் புட்டியில் ஊற்றிக் கொடுத்துக் காசு வாங்குபவனை நல்லவனாக்கிவிடாது. அவன்மீதும், எதற்கென்று கேட்காமல் நிகோடின் விற்கும் ரசாயன வியாபாரிமீதும் காவல்துறை தயங்காமல் வழக்குப் போடட்டும். பழக்கத்தில் மாட்டிக்கொண்ட மாணவனைக் கல்லூரி வெளியேற்றக் கூடாது. அவனுக்கு வேண்டியது வைத்தியம். புகைப்பழக்கத்தைக் கைவிடத் துடிப்பவருக்கு மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது. 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனையும் கிடைக்கிறது. அந்த எண்ணை ஒவ்வொரு விடுதியின் அறிவிப்புப் பலகையிலும் வார்டன்கள் இந்த வாரமே எழுதிப் போடட்டும்.