ரொட்டியைக் குறைக்கச் சொன்னால் போதுமா?

மலை ஏறி இறங்கும் நமக்கு உடம்பு எப்படிப் போடும் என்கிறோம். காலையில் கோதுமை மா ரொட்டி, மலைக்கும் அதே ரொட்டி, இரவில் சோறு. இடையிடையே சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணி. வேலையை விட்டு லயத்தில் இருக்கும்போதுதான் தெரிகிறது.

மாவைக் குறைத்து பருப்பு, கீரை, முட்டையைக் கூட்டச் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் மலிவாக வயிற்றை நிறைப்பது ரொட்டிதானே (கட்டச் சம்பல் இருந்தால் ருசியும்தான்). அடுத்த சம்பளப் பேச்சில் முட்டை, பருப்பு விலையையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அதுவரை? எங்கள் லயத்தில் நான்கு அக்காமார் சீனியை விட்டுவிட்டார்கள். பின்னேரம் சேர்ந்து நடக்கிறார்கள்; ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டே சாப்பாட்டைக் குறையுங்கள். இல்லாவிட்டால் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரலாம்.