எனக்கு 70... அவனுக்கு 85!

மூணு வாரத்துக்கு முன்னாடி இதே பக்கத்துல ஒரு சவடால் விட்டிருந்தேன், ஞாபகம் இருக்கா பாஸ்? 'கொல்லிமலையில ட்ரையத்லான் பண்ணப் போறோம், நாலு மணி நேரத்துல முடிச்சுக் காட்டறேன்'னு. அதைப் படிச்சுட்டு 'ரிசல்ட் என்னாச்சு?'னு கேன்டீன்ல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆளாளுக்கு விசாரிக்கறாங்க. தலைமறைவா இருந்து பார்த்தேன். முடியலை. சொல்லிடறேன்.

ட்ரையத்லான்னா நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் நடுவுல ரெஸ்ட் எடுக்காம அடுத்தடுத்து முடிக்கணும். 1974-ல அமெரிக்காவோட சான் டியாகோவுல விளையாட்டா ஆரம்பிச்ச போட்டி. 2000-ல சிட்னி ஒலிம்பிக்ஸுக்கே போயிடுச்சு. ஒலிம்பிக் கணக்கு: ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 'அயர்ன்மேன்'னு ஒண்ணு இருக்கு. அதுல 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு, அப்புறம் ஒரு முழு மாரத்தானும் ஓடணும். அவங்கள்லாம் வேற ஜாதகம்!

எங்களுது பக்கா லோக்கல். ஹாஸ்டல்ல ஆறு பேர். என்ட்ரி ஃபீஸ் இல்லை, மெடல் இல்லை. ஜெயிச்சவனுக்கு ஒரு மாசம் முழுக்க மத்தவங்க பரோட்டா வாங்கித் தரணும், அவ்வளவுதான் பரிசு. அடிவாரத்துல தெரிஞ்சவர் தோட்டத்துக் கிணத்துல நீச்சல். காரவள்ளியில இருந்து சோளக்காடு வரைக்கும் மலை ஏத்தத்துல சைக்கிள். அங்கிருந்து செம்மேடு வல்வில் ஓரி சிலை வரைக்கும் ஓட்டம்.

கொல்லிமலைக்குப் போனவங்களுக்கு அந்த ரோடு மறக்காது. 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் எழுதி வெச்சிருப்பாங்க. பஸ்ல போனா எண்ணிக்கிட்டே போறது ஜாலி. சைக்கிள்ல போனா அந்த நம்பர்தான் முதல் எதிரி.

மத்தவங்களுக்கு இது பரோட்டா மேட்டர். எனக்கு அப்படி இல்லை. எங்க வீட்டுல எனக்கு ஒரு பேர் உண்டு. கிடார் கிளாஸ் ரெண்டு மாசம், கராத்தே மஞ்சள் பெல்ட்டு வரைக்கும், ஹிந்தி பிராத்மிக்கோட சரி. அந்த வரிசையில எம்-3 அரியரும் சேர்ந்ததுல இருந்து, அம்மா 'அவன் எதைத்தான் முழுசா முடிச்சான்?'னு வர்ற சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. இதையாவது முடிச்சுக் காட்டணும்னு மூணு மாசம் விடிகாலை நாலரைக்கு எழுந்தேன். என்னை எழுப்பினது அலாரம் இல்லை, ரூம் மேட். தினமும் என் போர்வையை உருவிட்டுத்தான் அவன் பல்லே விளக்குவான். ஆறு பேர்ல ஜெயிக்க சான்ஸ் இருந்தவங்க ரெண்டே பேர். அதுல அவன் ஒருத்தன்.

காலை 5.45-க்குக் கிணத்துல குதிச்சோம். படிக்கட்டுல ஒருத்தர் லாரி டியூபோட ரெடியா நின்னார். (நீச்சல் தெரியாம யாரும் இதை ட்ரை பண்ணிடாதீங்க, ப்ளீஸ்.) சுவரை ஒட்டி ரவுண்டு ரவுண்டா நீந்தணும். எத்தனை ரவுண்டுன்னு அவங்கவங்க மனசாட்சிதான் அம்பயர். என் மனசாட்சி ஒண்ணு ரெண்டைக் கூட்டியே எண்ணியிருக்கும், விடுங்க. மூணாவதா வெளியே வந்தேன். ஈர டவுசரோட சைக்கிள்ல ஏறினப்போ, 'நாலு மணி நேரமா... மூணரையே போதும்டா!'ன்னு தோணுச்சு. அங்கதான் ஆரம்பிச்சுது வினை.

காரவள்ளி தாண்டி முதல் பத்து வளைவு, ரூம் மேட் பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போனேன். பதினஞ்சாவதுல அவன் திரும்பிப் பார்த்து, "மெதுவா வாடா, இன்னும் 55 இருக்கு"ன்னான். என்னைக் கழட்டிவிடப் பார்க்கறான்னு நினைச்சு இன்னும் வேகமா மிதிச்சேன்!

மெக்கானிக்கல் படிக்கிற பய, கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேணாமா? இப்ப போடறேன் பாருங்க. நானும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ. ஏறுற உயரம் சுமாரா 1,000 மீட்டர்னு வெச்சுக்குவோம். எம்ஜிஹெச்... 784 கிலோ ஜூல். ரெண்டு மணி நேரத்துல ஏறணும்னா நிக்காம 109 வாட் குடுத்துக்கிட்டே இருக்கணும். வீட்டுல ஓடற சாதாரண சீலிங் ஃபேனுக்கே 75 வாட்தான். உடம்புங்கற இன்ஜினோட எஃபிஷியன்ஸியோ நாலுல ஒரு பங்குக்கும் கம்மி. அப்போ மலை ஏத்தத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 780 கலோரி எரியும். நீச்சலும் ஓட்டமும் தனி. முந்தின ராத்திரி டென்ஷன்ல நான் சாப்பிட்டது மூணு இட்லி. ஒரு இட்லிக்கு 50 கலோரின்னு தாராளமா போட்டாலும் 150-தான் வருது. பெட்ரோல் இல்லாம வண்டி எடுத்த கேஸ்.

வழியில சாப்பிட வாழைப்பழமும் பிஸ்கட்டும் கேரியர்ல கட்டி வெச்சிருந்தேன். 27-வது வளைவுல தண்ணி குடிக்க நின்ன முப்பது செகண்டுல ஒரு குரங்கு கவரோட தூக்கிட்டுப் போயிடுச்சு. பழியை அது மேல போட்டுட்டுக் கட்டுரையை முடிக்க ஆசைதான். ஆனா நான் குப்புற விழுந்தது குரங்கால இல்லை, முதல் இருபது வளைவுல காட்டின பவுசால.

முப்பதுக்கு மேல தலை லேசா சுத்துச்சு. 36-ல இறங்கித் தள்ளினேன். மறுபடி ஏறினேன். ஒரு அரசு பஸ் ஹாரன் அடிச்சு வளைஞ்சு போக, ஜன்னல்ல இருந்து ஒரு பாட்டி "எதுக்குச் சாமி இந்தப் பாடு?"ன்னு கேட்டாங்க. பதில் இல்லை பாட்டிம்மா. 43-ல இடது கெண்டைக்கால்ல குரக்களி பிடிச்சுது. கல்லைக் கட்டின மாதிரி கால் இறுகிப் போச்சு. மைல் கல் பக்கத்துல உட்கார்ந்துட்டேன். மணி 8.20. பின்னாடி வந்த ஒருத்தன் "என்னாச்சுடா?"ன்னு கேட்டுட்டே கடந்து போனான். எங்களுக்குத் துணையா பைக்ல வந்துக்கிட்டிருந்த ஜூனியர் நின்னு, "ஏறுங்கண்ணா, மேல விட்டுடறேன்"னான். "நீ போ, வர்றேன்"னு விரட்டிட்டேன். அவன் போனதும் அழுகை வந்துடுச்சு. மஞ்சள் பெல்ட், பிராத்மிக், எம்-3, இப்போ 43-வது வளைவு. அம்மா லிஸ்ட்டுல இன்னொண்ணு.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, மேலேயிருந்து ஒரு சைக்கிள் இறங்கி வந்துச்சு. ரூம் மேட்!

"நீ ஏன்டா கீழ வர்றே?"

"செயின் கழண்டுடுச்சு மச்சி. மாட்டறதுக்குள்ள பத்து நிமிஷம் போச்சு. இனிமே அவனைப் பிடிக்க முடியாது. அதான் சும்மா வந்தேன்."

என் காலை நீட்டி, பாதத்தை முழங்கால் பக்கமா மடக்கிப் பிடிச்சுக்கிட்டான். உயிர் போச்சு. பாக்கெட்டுல இருந்து கடலை மிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. 'உன்னால முடியும்'கற டயலாக் ஒண்ணுகூட வரலை. "பைக்ல ஏறணும்னா கூப்பிடறேன். நான் சிரிக்க மாட்டேன். மத்தவனுங்க சிரிப்பானுங்க, ஒரு வாரம் ஓட்டுவானுங்க, அவ்வளவுதான்"னான். ஏறுன்னு சொல்லியிருந்தா ஏறியிருப்பேன், வீம்புக்கு ஏறாதேன்னு சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பேன்னு நினைக்கறேன். அவன் பாட்டுக்குச் சொல்லிட்டு மிட்டாய் மென்னுக்கிட்டு மலையைப் பார்த்துட்டிருந்தான். நான்தான் சைக்கிளை எடுத்தேன்.

எடுக்கும்போது ஒண்ணைக் கவனிச்சேன். செயின்ல கை வெச்சவன் விரல்ல கிரீஸ் இருக்கணும். அவன் கை சுத்தமா இருந்துச்சு. கேக்கலை. கேட்டா அந்த ரோட்டுலயே மறுபடி உட்கார்ந்திருப்பேன்.

அங்கிருந்து மேல போன கதையை நீட்டி முழக்க ஒண்ணுமில்லை. அவன் பின்னாடி வந்தான். வளைவு நம்பரைச் சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன். அதுக்குப் பதிலா, போன வாரம் பார்த்த ஒரு மொக்கைப் படத்தோட கதையை சீன் பை சீனா சொன்னான். இன்டர்வெல் வந்தப்போ சோளக்காடு வந்துடுச்சு. மணி 10.05.

சைக்கிளும் ஓட்டமும் சேர்த்துப் பண்ற பயிற்சிக்கு ட்ரையத்லான்காரங்க பாஷையில 'பிரிக்'னு பேர். செங்கல்! ஏன்னு இறங்கி ஓடின முதல் நிமிஷமே புரிஞ்சுது. ரெண்டு காலும் செங்கல்தான். "ஒரு கரன்ட் கம்பம் ஓடு, ஒரு கம்பம் நட"ன்னான். வழியில பலாப்பழம் வித்துக்கிட்டிருந்த அக்கா ரெண்டு சுளை குடுத்து, காசு வேணாம்னுட்டாங்க. 11.20-க்கு ஓரி சிலை. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சைத் துளைச்ச வள்ளல் குதிரை மேல உட்கார்ந்திருக்க, மூணே மூணு ஐட்டத்தை முடிக்கத் தெரியாத நான் அவர் காலடியில மல்லாந்தேன். அஞ்சு மணி முப்பத்தஞ்சு நிமிஷம். ஜெயிச்சவன் 9.40-க்கே வந்து, டிபன் முடிச்சு, குட்டித் தூக்கமும் போட்டுட்டான்.

சாயங்காலம் அந்த ஜூனியர்தான் சொன்னான். 43-ல என்கிட்ட திட்டு வாங்கிட்டு மேல போனவன், 58-வது வளைவுல ரூம் மேட்கிட்ட விஷயத்தைச் சொல்லியிருக்கான். முன்னாடி போனவன் ரெண்டே வளைவு தூரத்துலதான் இருந்தானாம். செயின் கழண்டு விழவே இல்லை. 58-ல இருந்து 43-க்கு இறங்கி, அந்த பதினஞ்சையும் மறுபடி ஏறியிருக்கான். நான் ஏறினது 70. அவன் ஏறினது 85.

ராத்திரி தூக்கம் வராம தேடிப் பார்த்தேன். இதே மாதிரி ஒண்ணு உலக லெவல்ல நடந்திருக்கு. 2016 செப்டம்பர், மெக்சிகோவுல கோசுமெல் தீவு. உலக ட்ரையத்லான் சீரிஸோட கடைசி ரேஸ். இங்கிலாந்தோட ஜானி பிரவுன்லீ ஜெயிக்கப் போற நேரம், கடைசி சில நூறு மீட்டர்ல வெயில் தாங்காம தள்ளாடறார். பின்னாடி வந்த அண்ணன் அலிஸ்டர், ரியோ ஒலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்கி ஒரு மாசம்தான் ஆகுது. தம்பி தோளைத் தாங்கி இழுத்துட்டு ஓடி, கோட்டுக்கு முன்னால தம்பியைத் தள்ளிவிட்டு, தான் பின்னால வர்றார். தென்னாப்பிரிக்காவோட ஹென்றி ஷூமன் முதல், தம்பி ரெண்டாவது, அண்ணன் மூணாவது. உலகப் பட்டம் நாலே பாயின்ட்டுல ஸ்பெயினோட மரியோ மோலாவுக்குப் போயிடுச்சு. உலகமே கண்கலங்கிப் பார்த்த வீடியோ. அண்ணனோ, வேகத்தை ஒழுங்கா பிரிச்சு ஓடத் தெரியலையேன்னு தம்பியைத் திட்டித்தான் பேட்டி குடுத்தார்! எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தத் திட்டுதான். பதினஞ்சாவது வளைவுல என் காதுல விழுந்ததும் அதேதானே?

இப்போ இருக்கற விதிப்படி அப்படித் தூக்கிட்டு ஓட முடியாது. கூட ஓடறவனுக்குத் தண்ணி, சாப்பாடு, பம்ப், டியூப் குடுக்கலாம். கையால பிடிச்சு முன்னாடி நகர்த்தினா ரெண்டு பேரும் அவுட். வேணும்னே ஒண்ணா சேர்ந்து கோட்டைத் தொட்டாலும் அவுட்தான். 2019-ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வெள்ளோட்ட ரேஸ்ல, முதல் ரெண்டு இடத்துல வந்த இங்கிலாந்துப் பொண்ணுங்க ஜெஸ் லியர்மன்த்தும் ஜார்ஜியா டெய்லர் பிரவுனும் கை கோத்துக்கிட்டு வந்தாங்கன்னு ரெண்டு பேரையும் நீக்கிட்டாங்க.

நாங்களும் சிலைகிட்ட தோள்ல கை போட்டுக்கிட்டுத்தான் போய் விழுந்தோம். மறுநாள் மெஸ்ல இதை ரூம் மேட்கிட்ட சொன்னேன். 58-ஐப் பத்தியும் கேட்டுடணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவன் தட்டுல இருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்:

"அப்போ நாம ரெண்டு பேரும் ரேஸ்லயே இல்லைல்ல?"

"ஆமா."

"அப்போ பரோட்டாவுக்கு நாம காசு குடுக்க வேணாம். போய் அவனுங்ககிட்ட சொல்லு."