உம்மாவும் மகளும் ஒரே வகுப்பில்

கனடாவில் வாழும் என் சாச்சி நாற்பத்தாறாவது வயதில் பனிக்கட்டித் தளத்தில் சறுக்கப் பழகத் தொடங்கியிருக்கிறார். நகரசபை நடத்தும் வகுப்பாம். ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது வயது அம்மையாரும் ஒரே தளத்தில் விழுந்து விழுந்து எழும்புகிறார்களாம். இதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ வேறொரு யோசனை வந்தது. அங்கே மாதக்கணக்கில் உறைபனி; ஆகவே அதன்மேல் நிற்கப் பழகுகிறார்கள். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் பிறந்த நாம் எதற்குப் பழகியிருக்கிறோம்? நீந்தத் தெரிந்தவர்கள் கை உயர்த்துங்கள் என்று எங்கள் வகுப்பில் ஆசிரியை ஒருநாள் கேட்டபோது இரண்டு கைகள்தான் உயர்ந்தன.

இதை நான் எழுதக் காரணம் தொண்டைமானாறு. பெயரில் ஆறு இருந்தாலும் அது ஆறல்ல. வடமராட்சிக் கடல்நீரேரி கடலோடு சேரும் வாய். கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த கால்வாய் என்பது ஊர் வழக்கு. ஒரு கரையில் செல்வச்சந்நிதி ஆலயம், கொஞ்சம் தள்ளி உவர்நீரைத் தடுக்கும் அணைக்கதவுகள், அப்பால் கடல். இந்தச் சிற்றூரில் பிறந்தவர்தான் முருகுப்பிள்ளை நவரத்தினசாமி. 1954இல் வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி, ஏறக்குறைய 27 மணி நேரம் நீந்தி, தமிழகத்தின் கோடிக்கரையில் ஏறினார். பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1971இல், பக்கத்து ஊரான வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையைப் போய்த் திரும்பி 51 மணி நேரத்தில் நீந்தி உலக சாதனை படைத்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் உயிர் பிரிந்தது.

சென்ற விடுமுறையில் உறவினரோடு அந்தப் பாலத்தடிக்குப் போயிருந்தேன். பையன்கள் நீரில் குதித்துக் கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சகோதரிகள் கரையில் நின்று செருப்புகளுக்கும் சட்டைகளுக்கும் காவல். அவர்கள் எங்கள் சமூகத்துப் பிள்ளைகளல்ல. ஆனாலும் அந்தக் காட்சி எனக்குப் புதிதாக இருக்கவில்லை. சாதனையாளர்கள் பிறந்த கரையிலும் நீச்சல் பையன்களின் சொத்தாகவே இருக்கிறது.

பெண்களால் இயலாததா? இந்தியாவின் பூலா சௌத்ரி 2004இல் தம் 34ஆவது வயதில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். 2022இல் அதே வழியில் 13 மணி 10 நிமிடத்தில் அரிச்சல்முனையை அடைந்த ஜியா ராய்க்கு வயது 13. ஆட்டிசம் உள்ள சிறுமி. ஆனால் நான் கேட்பது சாதனையை அல்ல. நீரில் விழுந்தால் பத்து நிமிடம் மிதந்து கிடக்கும் அளவுக்கு ஒரு திறமை, அவ்வளவுதான்.

அந்தப் பத்து நிமிடத்தின் விலை நமக்குத் தெரிந்ததே. 2004 ஆழிப்பேரலை முடிந்து சில மாதங்களில் ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், தமிழகத்தின் கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என்று இருக்கிறது. காரணங்கள் பல: ஆண்கள் ஆழ்கடலில் படகில் இருந்தார்கள், பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவற்றோடு, பெண்களுக்கு நீந்தவும் மரம் ஏறவும் தெரியாதிருந்ததும் ஒரு காரணம். பேரலைதான் வரவேண்டும் என்பதுமில்லை. கிணறும் குளமும் மழைக்கால வாய்க்காலும் ஒவ்வோர் ஆண்டும் ஆட்களைக் கொண்டுபோகின்றன.

பெற்றோர் சொல்லும் தடைகளை நான் லேசாக எண்ணவில்லை. உடை, இடம், ஆண் பயிற்சியாளர் மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் விடை இல்லாத கேள்விகள் அல்ல. உடல் முழுவதையும் மறைக்கும் நீச்சலுடையை 2004இல் சிட்னியில் அஹேதா ஸனெட்டி என்ற முஸ்லிம் பெண் வடிவமைத்தார். இன்று அதைத் தைக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. கிழக்காபிரிக்காவின் சான்சிபார் தீவு ஏறத்தாழ முழுவதும் முஸ்லிம்கள் வாழும் இடம். அங்கே நுங்வி கிராமத்தில் 2011 முதல் 'பஞ்சே' என்ற திட்டத்தின்கீழ் சிறுமியரும் பெண்களும் முழு உடையோடு கடலில் நீந்தப் பழகுகிறார்கள். மிதவைக்கு விலையுயர்ந்த பொருள் எதுவுமில்லை, வெறும் பிளாஸ்டிக் கலன்கள்தான். கற்றவர்களே பிறகு மற்றவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். இடத்தைப் பற்றிச் சொன்னால், கீரிமலையில் ஆண்கள் கேணி வேறு, சுவர் சூழ்ந்த பெண்கள் கேணி வேறு. பெண்களுக்கெனத் தனி நீர்த்துறை யாழ்ப்பாணத்துக்கு அந்நியமான யோசனையே அல்ல. நீந்தப் பழகுவதை வீண் விளையாட்டில் சேர்க்காத நபிமொழியை நம் பேச்சுப் போட்டிகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கைதட்டியதோடு சரி.

என் கருத்து இதுதான்: கல்லூரி நீச்சல் வகுப்பு தொடங்கினால் மாணவியருக்கு மட்டும் தொடங்கக்கூடாது. தாய்மாரையும், வர விரும்பும் மூத்தம்மாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீருக்கு அஞ்சும் தாய் மகளின் கையை விடமாட்டார். அவர் தாமே இறங்கி முகத்தை நீரில் அமிழ்த்திப் பார்த்துவிட்டால் அந்தப் பிடி தானாகத் தளரும். துணைக்கு யார் போவது என்ற கேள்வியும் எழாது. தவிர, பழகாதவர்கள் கூட்டமாகப் பழகும்போது வெட்கம் குறைகிறது. எல்லோரும் தண்ணீர் குடித்து இருமும் இடத்தில் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

முதல் பாடங்களில் நீச்சலே இல்லை. இடுப்பளவு நீரில் நின்று வாயால் குமிழி விடுவது. பிறகு கண்ணைத் திறந்தபடி முகத்தை அமிழ்த்துவது. பிறகு ஒருவர் தலையின் பின்புறத்தைத் தாங்க, மல்லாந்து மிதப்பது. இதுதான் கடினம், ஏனெனில் உடலை இறுக்கினால் கால் தாழும், தளர்த்தினால் நீரே தாங்கும். மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்பதையும் தனியாகப் பழக்குகிறார்கள். கை வீசுவதும் கால் உதைப்பதும் அதற்குப் பிறகுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொண்டைமானாற்றைப் பற்றி எழுதினேன் என்பதற்காக அங்கே போய் இறங்கிவிடாதீர்கள். மழைக்காலத்தில் அணைக்கதவுகள் திறந்தால் அந்த நீரின் வேகம் தேர்ந்த நீச்சல்காரரையும் இழுக்கும். அடியில் சேறும் பள்ளமும். தொடக்க வகுப்புக்கு ஏற்றது ஆழம் தெரிந்த தடாகம், கயிறு கட்டிய எல்லை, உயிர்காப்புப் பயிற்சி பெற்ற ஒருவர் கரையில். தடாகத்தை வாரத்தில் இரண்டு மணி நேரம் பெண்களுக்கென ஒதுக்கிக் கேட்பது தனியொரு குடும்பத்தால் ஆகாது. ஐம்பது பேர் சேர்ந்தால் ஆகும். கட்டணமும் அப்படியே பகிரப்படும். உயர்தரப் பிள்ளைகளுக்கு நேரமில்லை என்பார்கள். கணிதத்துக்கு மட்டும் இரண்டு இடத்தில் தனியார் வகுப்புக்குப் போகிறோமே, அதில் ஒன்று குறைந்தால் பெரிய நட்டமில்லை (எங்கள் கணித ஆசிரியை மன்னிக்க வேண்டும்).

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சுற்றுக்கு விடலாம் என்று சக மாணவியர் சிலர் பேசியிருக்கிறோம். என் உம்மாவின் பெயர் என் பெயருக்குக் கீழே இருக்கும். பயிற்றுவிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும், நீர் நெஞ்சுக்கு மேல் வரக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு அவர் சம்மதித்திருக்கிறார்.