விஷ டப்பாவின் நிறம்

மர்பி டவுன் மார்க்கெட்டிலும் அல்சூர்க் கடைவீதியிலும் பூச்சி மருந்து வாங்குகிறவர்கள், டப்பாவின் மேல் சாய்ந்து நிற்கும் ஒரு சதுரத்தைப் பார்த்திருப்பார்கள். அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நான்கில் ஒரு நிறமாக இருக்கும். அதைக் கம்பெனி முத்திரை என்று எண்ணுவோர் உண்டு. முத்திரையல்ல, ஆய்வுக்கூடத்தில் மடிந்த எலிகளின் கணக்கு அது.

1958ல் கேரளத்தில், கப்பலில் வந்த உணவுப் பொருளில் பாரதியான் என்ற பூச்சி மருந்து கலந்து நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டனர். அதன் பிறகே விசாரணை, 1968ல் பூச்சிமருந்துச் சட்டம், 1971ல் விதிகள். அவ்விதிகளின்படி, எலிகளுக்கு மருந்தைக் கொடுத்து அவற்றில் பாதி சாகும் அளவைக் கணக்கிடுகிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு. மண்டை ஓடும் உண்டு. 500 வரை மஞ்சள், 5,000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. தோல் வழியாக ஏறும் விஷத்துக்குத் தனி அளவு.

வாயில்லா ஜீவன்களை இப்படி வதைக்கலாமா என்ற கேள்வி நியாயமானதே. அழகுசாதனப் பொருள்களுக்காக விலங்குகளைச் சோதிப்பதை இந்தியா 2014ல் தடை செய்தது நல்ல காரியம். 1927ல் டிரெவன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி வகுத்த இந்தப் பழைய எலிச் சோதனையையும், ஓ.இ.சி.டி. அமைப்பு 2002ல் கைவிட்டுக் குறைந்த எலிகள் போதுமான முறைகளுக்கு மாறிவிட்டது. இன்னும் குறையட்டும். ஆனால் விஷ மருந்து முகப்பூச்சு அல்ல. தகுந்த மாற்று வருமுன் சோதனையே கூடாதென்றால், மருந்தடிக்கும் கூலியாள்தான் எலியாவான்.

இதற்காக நிறத்தை வேதவாக்காகக் கொள்வதும் ஆபத்து. ஒரே தடவை உடலில் ஏறினால் என்ன ஆகும் என்பதையே அது சொல்லும். மருந்தைப் பதிவு செய்ய நீண்டகாலச் சோதனைகளும் கேட்கப்படுகின்றன. அவற்றின் முடிவு நிறத்தில் தெரியாது. எண்டோசல்பானை உலக சுகாதார நிறுவனம் 'மிதமான அபாயம்' என்ற வகுப்பில்தான் வைத்திருந்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் அதை ஆண்டுக்கணக்கில் ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்கள். அங்கும் நமது தட்சிண கன்னடத்திலும் குழந்தைகள் பட்ட பாட்டை நாடே கண்டது. 2011ல் சுப்ரீம் கோர்ட் தடுத்தது.

நம்மவரில் துப்புரவு வேலை செய்வோர் அநேகர். கழிவறை ஆசிட் டப்பாவில் இந்த நிறச் சதுரம் கிடையாது. அது பூச்சிமருந்துச் சட்டத்தில் சேராது. மேஸ்திரி பெரிய கேனிலிருந்து பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிட்டால், பூச்சி மருந்தாயினும் எந்த நிறம் என்று யாருக்குத் தெரியும்? எழுத்துத் தெரியாதவருக்கும் புரிவதற்காக வைத்த அடையாளம் கேனோடு நின்றுவிடுகிறது. எலிகள் செத்தும் பயனில்லை.

மருந்தை லேபிளுடன் கூடிய அசல் டப்பாவிலேயே கொடுக்க வேண்டுமென்று மாநகராட்சி தன் காண்டிராக்டர்களுக்கு உத்தரவிட வேண்டும். கையுறையும் அத்துடன் வர வேண்டும். தொழிற்சங்கங்கள் போனஸுக்குக் காட்டும் வேகத்தில் பாதியை இதற்கும் காட்டலாம். ஆபீசில் வேலை பார்க்கும் அன்பர்கள், அக்கம்பக்கத்தாருக்கு நான்கு நிறங்களின் பொருளை எடுத்துச் சொல்லலாம். யாரேனும் மருந்தை விழுங்கிவிட்டால், ஆளோடு அந்த டப்பாவையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். மாற்று மருந்து எதுவென்று டாக்டர் அதிலிருந்தே அறிவார்.